பதினேழாம் கேள்வி

என் மேசையின் இடப்பக்க மேல் இழுப்பறையில் ஒரு ரப்பர் முத்திரை கிடக்கிறது. மரக் கைப்பிடி. கறுப்பு வார்னிஷ் பூசியது. கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்திருக்கும். அதைக் காகிதத்தில் அழுத்தினால் ஊதா மையில் இரண்டு வரிகள் விழும்: முழுமையற்றது. திருப்பி அனுப்பப்படுகிறது. மூன்று ஆண்டுகளாக நான் அதை அழுத்தவில்லை. மைப்பெட்டியும் காய்ந்து வெடித்துவிட்டது. ஆனாலும் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது உருண்டு முன்னால் வந்து நிற்கும். எனக்கு வேண்டிய பென்சிலையோ ஊசியையோ எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன்.

தேனியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அறை தரைக்குக் கீழே இருக்கிறது. பதினாறு படிகள். நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய கேஸ் ஷீட் என்னிடம் இறங்கி வரும். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் இருக்கிறதா, தேதியும் நேரமும் இருக்கின்றனவா, டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டியது என் வேலை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முத்திரை குத்தி மேலே அனுப்புவேன். காலிக் கட்டம் என்றால் யாரோ வேலையை முடிக்கவில்லை என்று பொருள். வேறு பொருள் அதற்கு இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. மாலை ஐந்தரைக்கு அறையைப் பூட்டுவதற்கு முன், அன்று வந்த கோப்பு எத்தனை, திருப்பியது எத்தனை, யார் வந்தார்கள், மழை உண்டா என்று கோடு போட்ட நீள நோட்டில் எழுதுவேன். அதுதான் என் நாட்குறிப்பு. ஒருநாளும் விட்டதில்லை.

என் முத்திரையை அதிகம் வாங்கியவர் பொது மருத்துவ வார்டின் டாக்டர். கெங்குவார்பட்டிக்காரர், விவசாயக் குடும்பம். என்னைவிட ஒன்பது வயது இளையவர். நோயாளியிடம் நின்று பேசுவதில் நேரம் போய்விடும், எழுதுவதில் விட்டுப்போகும். மற்ற டாக்டர்கள் திரும்பிய கோப்புகளை அட்டெண்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். இவர் மட்டும் பதினாறு படியும் இறங்கி அவரே வருவார். மாட்டுக்குச் சூடு போடுவதைப் பார்த்து வளர்ந்தவர். முத்திரைக்கு அவர் வைத்த பெயர் அதுதான்.

"என்னக்கா, இன்னைக்கு எனக்கு எத்தன சூடு?"

"அஞ்சு."

"அஞ்சுதானா? அப்ப நான் தேறிக்கிட்டு வர்றேன்."

நின்றபடியே ஐந்து கோப்பிலும் கையெழுத்துப் போடுவார். உட்காருங்கள் என்று நாற்காலியைத் தள்ளினால், "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்க்கா" என்பார். இதை நான் நாட்குறிப்பில் ஒரு நகைச்சுவையாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு முறையல்ல. வெவ்வேறு மாதங்களில், நான்கு இடங்களில்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஐப்பசியில் எங்கள் மருத்துவத் துறைத் தலைவர் ஓர் ஆய்வு தொடங்கினார். நாங்கள் அவரைப் பெரிய சார் என்போம். அதுவரை நடந்த ஆய்வுகளெல்லாம் நோயாளிகளைப் பற்றியவை. எத்தனை நாள் தங்கினார்கள், திரும்பி வந்தார்களா என்பது போன்றவை. இது டாக்டர்களைப் பற்றியது. "நோயாளிய நல்லாப் பாத்துக்கிறமான்னு பத்து வருசமா எண்ணிக்கிட்டு இருக்கோம். பாத்துக்கிறவன் நல்லா இருக்கானான்னு ஒருநா எண்ணுவோம்மா" என்று என்னிடம் சொன்னார். வேலை நேரம், தூக்கம், சாப்பாடு, சொந்த உடல்நிலை என்று இருபத்து நான்கு கேள்விகள். பெயர் எழுதக் கூடாது. ஒரு டப்பாவிலிருந்து ஒவ்வொரு டாக்டரும் மடித்த எண் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். தாளில் அந்த எண் மட்டும் இருக்கும். நிரப்பிய தாள்கள் பூட்டிய பெட்டி வழியாக என்னிடம் வரும். யார் எந்த எண் என்பது எனக்கும் தெரியாது, பெரிய சாருக்கும் தெரியாது.

தாள்களைச் சரிபார்த்து அடுக்கித் தருமாறு பெரிய சார் சொல்லியிருந்தார். சரிபார்ப்பது என்றால் என்னவென்று அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த சரிபார்ப்பு ஒன்றுதான்.

பதினான்காம் எண் தாளில் பதினேழாம் கேள்வி காலியாக இருந்தது. அந்தக் கேள்வி இதுதான்: ஒரு நோயாளி உங்களிடம் வந்து சொன்னால் உடனே பரிசோதனைக்கு அனுப்பிவிடக்கூடிய தொந்தரவு ஏதாவது, கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கே இருந்ததா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். நான் தாளின் மேல் மூலையில் முத்திரை குத்தினேன். உறையில் போட்டு ஒட்டி, மேலே பதினான்கு என்று எழுதி, டாக்டர்கள் அறை வாசலில் இருக்கும் பலகையில் குத்தி வைத்தேன். இரண்டு நாளில் தாள் பெட்டிக்குத் திரும்பியது. நீல மையில் 'இல்லை' என்ற கட்டத்தில் தெளிவான ஒரு டிக். அடுக்கில் அதன் இடத்தில் செருகினேன். எல்லாத் தாளும் முழுமை என்று அன்று மாலை எழுதினேன். மனத்துக்கு நிறைவாக இருந்தது.

அதற்கு நான்கு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, கையெழுத்து வாங்க நானே வார்டுக்குப் போனேன். அந்த மாதத்தில் டாக்டர் கீழே வருவதை நிறுத்தியிருந்தார். "மழக் காச்சல் கூட்டம்க்கா, நீங்க கொஞ்சம் மேல வந்துருங்களேன்" என்று போனில் சொல்லிவிடுவார். காய்ச்சல் காலம், வார்டில் தரையிலும் பாய் விரித்திருந்தார்கள். நம்பக்கூடிய காரணம்தான்.

மயிலாடும்பாறையிலிருந்து வந்த ஒரு விவசாயி ஒன்பதாம் கட்டிலில் இருந்தார். அறுபது வயது இருக்கும். நெஞ்சுவலி. டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளாய்யா வலி?"

"ஒரு வாரமா இருக்கும் சார்."

"ஒரு வாரமா என்ன செஞ்சீக?"

"தக்காளி எடுப்பு நடந்துக்கிட்டு இருந்துச்சு. வாய்வுப் பிடிப்பா இருக்கும்னு சோடா குடிச்சேன்."

"சோடா குடிச்சது நெஞ்சுக்கா, தக்காளிக்கா?"

பக்கத்துக் கட்டில்களில் சிரித்தார்கள். விவசாயியின் மனைவிக்கு அது போதவில்லை. "இன்னும் ரெண்டு நல்லாப் போடுங்க சார். நான் சொன்னா அந்தக் காதுல ஏறாது" என்றார். டாக்டர் ஒரு பழைய தாளைத் திருப்பி இதயத்தை வரைந்து, குழாயில் அடைப்பு எப்படி வரும் என்று காட்டினார். வரைந்து முடித்துச் சொன்னதை அன்று மாலை அப்படியே எழுதி வைத்தேன்: "வலியச் சொல்றதுக்கு நல்ல நேரம்னு ஒண்ணு கெடையாதுய்யா. வந்ததும் சொல்லீரணும்." நல்ல டாக்டர் என்று பக்கத்தில் ஒரு சொல் சேர்த்தேன்.

வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு நான்கு கோப்புகளோடு மறுபடி வார்டில் இருந்தேன். டாக்டர் அதே ஒன்பதாம் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். கட்டில் கம்பியைப் பிடித்தார். பிறகு வார்டு சிஸ்டரைப் பார்த்து, "சிஸ்டர், ஒரு சேர் குடுங்க" என்றார். சாதாரணக் குரல். அவர் நாற்காலி கேட்டு நான் கேட்டது அதுவே முதல் தடவை. நாற்காலி வருவதற்குள் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் குளுக்கோஸ் ஊசியோடு விவசாயி கட்டிலிலிருந்து குதித்து அவரைத் தோளில் தாங்கிக்கொண்டார். "ஏத்தா, ஓடியா. டாக்டரு முடியலைங்கிறாக" என்று சிஸ்டரைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் காலியான பத்தாம் கட்டிலில் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். தாள் வெளியே வர வர சிஸ்டரின் முகம் மாறியது. டாக்டர் கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்தார். "ம்" என்றார். தனக்கு என்னென்ன மருந்து, எந்த வரிசையில் என்று அவரே சொன்னார். பெரிய சார் ஓடி வந்தார். அடைப்பை எடுக்கும் வசதி எங்களிடம் இல்லை. மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

பதிவு எண் போடாத நோயாளி எங்கள் மருத்துவமனையை விட்டு ஆம்புலன்ஸில் போகக் கூடாது. இது என் விதி. எனவே அனுமதித் தாளை எடுத்தேன். பெயர் எழுதினேன். வயது எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. இரத்த வகை. ஏற்கெனவே உள்ள நோய்கள். தினமும் எடுக்கும் மருந்துகள். நெருங்கிய உறவினர், அவருடைய தொலைபேசி எண். ஒவ்வொன்றையும் சத்தமாகக் கேட்டேன். அவரோடு பதினோரு ஆண்டுகள் வேலை செய்த ஏழு பேர் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றோம். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் ஆயிரம் முறை கேட்டு எழுதிய கேள்விகள். அவரை யாரும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அவர் மனைவி பெரியகுளத்தில் ஆசிரியை என்பது மட்டும் சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பள்ளி என்று தெரியாது. விவசாயியின் மனைவி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இம்புட்டுப் பேரு நிக்கிறீக. ஒருத்தருக்குமா தெரியாது?" என்றார்.

டாக்டர்தான் கண்ணை மூடியபடியே மனைவியின் போன் எண்ணைச் சொன்னார். நான் எழுதினேன்.

பெரிய சார் குனிந்து, "எத்தன நாளாப்பா வலி?" என்று கேட்டார்.

"மூணு வாரம் இருக்கும் சார். படி ஏறினா வரும்."

"மூணு வாரமா என்னய்யா செஞ்ச?"

டாக்டர் ஒன்பதாம் கட்டில் பக்கம் திரும்பினார். விவசாயி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "எனக்கும் தக்காளி எடுப்பு நடந்துக்கிட்டு இருந்துச்சு சார்" என்றார் டாக்டர். சிரிக்க முயன்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. பெரிய சாரும் சிஸ்டரும் கூடப் போனார்கள். ஒன்று இருபதுக்கு சிஸ்டர் என் மேசை போனில் அழைத்தார். "அக்கா, உசிலம்பட்டி வரல" என்றார். மதுரைப் பாதையில் இருக்கும் உசிலம்பட்டிக்கு வண்டி இன்னும் போய்ச் சேரவில்லை என்று சொல்கிறார் என நினைத்து, "எங்கன நிக்கிறீக?" என்று கேட்டேன். மறுபக்கம் அழுகை கேட்டது. உசிலம்பட்டி வரைகூட அவர் உயிர் தங்கவில்லை.

நோயாளியின் உடைமைகளைப் பட்டியலிட்டு இருவர் கையெழுத்திட வேண்டும். பத்தாம் கட்டிலில் அவருடைய வெள்ளைக் கோட்டு கிடந்தது. நான் எழுதத் தொடங்கினேன். ஸ்டெதஸ்கோப் ஒன்று. டார்ச் ஒன்று. பேனா இரண்டு. அழிப்பான் வைத்த பென்சில் ஒன்று. புளிச்ச ஏப்பத்துக்கு மெல்லும் மாத்திரை அட்டை ஒன்று, பத்தில் ஏழு எடுக்கப்பட்டது. மடித்த சீட்டு ஒன்று. சீட்டைப் பிரித்தேன். அதில் பதினான்கு என்று இருந்தது.

ஏழு என்று எழுதிய வரியை மறுபடி பார்த்தேன். அவர் சோடா குடிக்கவில்லை. மாத்திரை மென்றிருக்கிறார். வேறு வித்தியாசம் இல்லை.

பட்டியலை முடித்தேன். கையெழுத்துப் போட்டேன். இன்னொருவரிடமும் வாங்கினேன். பதினாறு படி இறங்கினேன். அலமாரியைத் திறந்து பதினான்காம் தாளை எடுத்து மேசை விளக்கின் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். திருத்தம், அழிப்பு எதுவும் தப்பக் கூடாது என்பதற்காக நாங்கள் எல்லாத் தாளையும் இப்படித்தான் பார்ப்போம். பதினேழாம் கேள்வியில் 'ஆம்' என்ற கட்டத்துக்குள் பென்சிலால் போட்டு அழித்த ஒரு டிக்கின் பள்ளம் இருந்தது. அழிப்பான் உரசியதில் காகிதம் அங்கே சொரசொரப்பாகியிருந்தது. அவர் ஆம் என்று சொல்லியிருக்கிறார். பிறகு பயந்தோ, வெட்கப்பட்டோ, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றோ அதை அழித்திருக்கிறார். ஆனால் இல்லை என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. காலியாக விட்டிருக்கிறார். அவரால் அந்த அளவுக்குத்தான் சொல்ல முடிந்தது. நான் அதன்மேல் முத்திரை குத்தி, பொய் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினேன்.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த ஐந்து நிமிடத்தில் காத்திருந்தது. நாட்குறிப்பை எடுத்து, அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிய தேதிக்குப் புரட்டினேன். என் கையெழுத்தில், சாய்வில்லாத சிறிய எழுத்தில், இப்படி இருந்தது: எண் 14. கேள்வி 17 காலி. 'ஆம்' கட்டத்தில் அழித்த தடம். திருப்பினேன்.

நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததை எழுதியும் வைத்திருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பை என் நாட்குறிப்பே எனக்குத் தரவில்லை. அதற்கு முந்தைய வாரத்துப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இன்று முதல் டாக்டர் கீழே வரவில்லை, கோப்புகளை மேலே கொண்டுபோனேன். படி ஏறினால் வலி வரும் என்று அவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல இருந்தது. அவருடைய நோயின் வரலாறு நாள் தவறாமல் என் நோட்டில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவள் அதை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து அவர் மனைவி சான்றிதழ்களுக்காக வந்தார். படி இறங்கி வந்து, டாக்டர் ஒருநாளும் உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தார். தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இங்கன யார்கிட்டயாச்சும் அவுக வலிக்குதுன்னு சொன்னாகளா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆய்வுத் தாளைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற விதியும் என் பக்கம் இருந்தது. நான் வேலையில் ஒரு விதியையும் மீறியதில்லை. "ஒரு தாள்ல சொல்ல வந்தாகம்மா. நான்தான் சரியா நெரப்பலைன்னு திருப்பி அனுப்பிட்டேன்" என்றேன். மீதியையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மறுபடி திறந்தார். "என்கிட்டயும் சொன்னாகக்கா" என்றார். "நெஞ்சு கரிக்குதுன்னாக. நான் கொழம்புல காரத்தக் கொறச்சேன்." "டாக்டராச்சே, அவுகளுக்குத் தெரியாதான்னு நெனச்சேன்" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார். படியில் அவர் காலடிச் சத்தத்தைப் பதினாறு வரை எண்ணினேன். அது என் பழக்கம்.

டாக்டருடைய கேஸ் ஷீட் நான்கே பக்கம். விதிப்படி அது என்னிடம் வந்தது. இரத்த வகை காலி. ஏற்கெனவே உள்ள நோய்கள் காலி. முத்திரையைக் கையில் எடுத்தேன். யாருக்குத் திருப்பி அனுப்புவது? சிகிச்சை அளித்த மருத்துவர் என்ற இடத்திலும் மருந்துகளைச் சொன்ன அவர் பெயரைத்தான் சிஸ்டர் எழுதியிருந்தார். முத்திரையை இழுப்பறையில் போட்டேன். கோப்பைக் காலிக் கட்டங்களோடு அப்படியே அடுக்கில் வைத்தேன்.

இந்த ஆண்டு பெரிய சார் அதே ஆய்வை மறுபடி நடத்துகிறார். தாளைத் தயாரிக்கும்போது என்னையும் கூப்பிட்டார். பதினேழாம் கேள்விக்கு மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டேன். சொல்ல விரும்பவில்லை என்று அதற்குப் பெயர் வைத்தோம். எந்தத் தாளையும் திருப்பி அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் மறுக்கவில்லை. சென்ற வாரம் பெட்டியைத் திறந்தேன். அந்த மூன்றாவது கட்டத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எண்ணிக்கொண்டே போனேன், நிற்கவில்லை; முதலிலிருந்து மறுபடி எண்ணினேன். தாள்களை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பெரிய சாரிடம் எண்ணிக்கையைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொருக்கா எண்ணுங்கம்மா."

"மூணு தடவ எண்ணிட்டேன் சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஓபி வரிசை வாசல் வரை நின்றது. உள்ளே யாரோ ஒரு டாக்டர் நோயாளியிடம் எத்தனை நாளாக என்று கேட்பது கேட்டது. "நாளைக்குக் காலைல ஓபிக்கு முன்னாடி எல்லா டாக்டரும் ஈசிஜி எடுக்கணும். யாரு எந்த எண்ணுன்னு கேக்க வேணாம். எல்லாரும். மொத ஆளா நான் படுக்குறேன்" என்றார் பெரிய சார். போன் பக்கம் கை நீட்டியவர் பாதியில் நிறுத்தி, "அந்த அனுமதித் தாள் ஒண்ணு குடுங்க. என் வீட்டு நம்பர் உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றார். எனக்குத் தெரியாதுதான்.

அன்று மாலை ஐந்தரைக்கு நாட்குறிப்பைத் திறந்தேன். வந்த கோப்புகள் எழுதினேன். மழை இல்லை என்று எழுதினேன். கேள்வி 17, மூன்றாம் கட்டம் என்று எழுதி, எண்ணைப் போட வேண்டிய இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். எழுதிவிட்டால் நானும் மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்று பயமாக இருந்தது. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். இத்தனை ஆண்டு நோட்டுகளில் நான் நிரப்பாமல் விட்ட ஒரே இடம் அதுதான். பேனாவை வைக்க இழுப்பறையைத் திறந்தேன். முத்திரை உருண்டு முன்னால் வந்து நின்றது.